பழைய ராணுவ டிரெய்லரில் கூடாரம் போட வேண்டுமா? தொட்டியை வெட்டாமல் செய்யுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். மதுரையில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர், மேகமலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பல வருடம் சும்மா நின்ற பழைய ராணுவ ஜீப் டிரெய்லரை வாங்கி வைத்திருக்கிறார். இழுக்க பொலிரோ இருக்கிறது. மனைவி, சின்னப் பெண் குழந்தையோடு வார இறுதியில் வெளியே போய்த் தங்க அதன் மேல் ஒரு கூடாரம் வேண்டும். பட்டறையில் கேட்டதற்கு, பின்தகட்டை வெட்டிக் கதவு வைத்து, பக்கச் சுவரை உயர்த்தி, தகரக் கூரை போட்டுத் தருகிறோம் என்று சொன்னார்களாம். செய்யலாமா, எதிலிருந்து தொடங்குவது, எங்கே நிறுத்தித் தங்குவது என்று கேட்கிறார்.

செய்யலாம் தம்பி, நல்ல யோசனைதான். ஆனால் பட்டறையில் சொன்ன வழியில் போகாதீர்கள். டிரெய்லரை டிரெய்லராகவே விட்டுவிட்டு, அதன் மேல் ஒரு இரும்புச் சட்டத்தை உட்காரவைத்து, கூடாரத்தை அந்தச் சட்டத்தின் மேல் மடித்து வையுங்கள். போல்ட்டைக் கழற்றி நாலு பேர் பிடித்துத் தூக்கினால் பழைய டிரெய்லர் ஒரு கீறல் இல்லாமல் கிடைக்க வேண்டும். இந்த ஒரு முடிவை முதலில் எடுத்துவிட்டால் மற்ற விஷயங்கள் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

ஏன் வெட்டக்கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஜீப்புக்கென்றே செய்த கால் டன் டிரெய்லர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது, அமெரிக்காவில் பான்டம், வில்லீஸ் இரண்டு கம்பெனிகளும் செய்தன. பிறகு 1950களில் எம் 100, அதற்கும் பிறகு எம் 416 என்று அதே குடும்பம் தொடர்ந்தது. நம் ஊரில் ஜீப்புக்குப் பின்னால் பார்க்கிற ராணுவ டிரெய்லர்களில் பலவும் அந்த அமைப்பைப் பின்பற்றியவைதான். சாமான் ஏற்றுகிற தொட்டி ஏறக்குறைய 6 அடி நீளம், 4 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஒன்றரை அடி ஆழம். பின்பக்கம் கதவே இருக்காது. ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் உள்ளே புகாமல் மிதந்து வர வேண்டும் என்பதற்காக நாலு பக்கமும் மூடிய தொட்டியாகச் செய்தார்கள், உள்ளே தேங்குகிற தண்ணீரை இறக்கிவிட அடியில் வடிகால் மூடி வைத்தார்கள். அப்படி மூடியிருப்பதால்தான் அந்த மெல்லிய தகடு முறுக்காமல் நிற்கிறது. பின்தகட்டை வெட்டிக் கதவு வைத்தால் முதலில் இரண்டு பின்மூலையிலும் விரிசல் விடும், பிறகு கதவு சரியாகச் சாத்தாது, அப்புறம் அதைச் சரிசெய்ய ஆங்கிள் வைத்துக் கட்ட வேண்டும், ஆங்கிளால் எடை ஏறும். அறுபது எழுபது வருடம் தாங்கிய தொட்டியை ஒரே மதியத்தில் கெடுத்துவிட்டு வருடக்கணக்கில் அதற்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு காரணம் சட்டம். வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக உடலை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு சொல்கிறது. கழற்றி வைக்கிற இரும்புச் சட்டமும் கூடாரமும் ஏற்றிய சாமான் என்று சொல்ல இடம் இருக்கிறது, சுவரை உயர்த்திக் கூரை போட்டது அப்படி இல்லை. எதற்கும், இரும்பு வாங்குவதற்கு முன்னால் காகிதத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வந்துவிடுங்கள். மதுரையில் உங்கள் வீடு இருக்கிற பகுதியைப் பொறுத்து டிஎன் 58, 59, 64 இதில் ஒன்று. டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு, பதிவு இல்லாமல் ரோட்டில் இழுக்கக்கூடாது. ராணுவ எண்ணில் இருந்த வண்டி ஏலத்தில் வெளியே வந்தால் அதைப் பொதுமக்கள் வண்டியாகப் புதிதாகப் பதிய வேண்டும், எனவே எஸ்டேட்காரரிடம் ராணுவ ஏலச் சீட்டோ பழைய பதிவுச் சான்றோ எது இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுமே இல்லை என்றால், பணம் ஏதாவது பாக்கி இருந்தால் அதைக் கொடுப்பதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இழுக்கிற வண்டியின் எண்ணும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும், அது 61-வது பிரிவு. இன்சூரன்ஸ்காரரிடமும் டிரெய்லரைச் சொல்லிவிடுங்கள்.

காகிதத்தோடு சேர்த்து நிறத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராணுவ டிரெய்லர் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பச்சையின் மேல்தான் ஆசை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-வது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மணல் நிறமோ சாம்பலோ அடியுங்கள். நம் வெயிலுக்கும் அதுதான் நல்லது. பழைய பெயின்ட்டைக் கிரைண்டர் போட்டு எடுக்கும்போது முகமூடி கட்டாயம், அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கும், குழந்தை இருக்கிற வீட்டு வாசலில் வைத்துத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். துரு ஓட்டை தொட்டியின் அடியில் வடிகால் மூடியைச் சுற்றியும், தொட்டி அடிச்சட்டத்தில் உட்காருகிற இடத்திலும்தான் முதலில் வரும். சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மங்குகிற இடத்தில் தகடு போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் வெட்டி அதே கனத்துத் தகடு வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு நிறம். இதற்கு மேல் பெயின்ட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இப்போது சக்கரமும் அச்சும். இங்கேதான் பணத்தைப் போட வேண்டும், கூடாரத்துக்கு மிச்சம் இருப்பதைப் போடலாம். பல வருடம் நின்ற வண்டியில் ஹப்புக்குள் இருக்கிற கிரீஸ் கட்டியாகி, தண்ணீர் இறங்கி, பேரிங் உருளைகளில் துருப் புள்ளி விழுந்திருக்கும். கையால் சுற்றிப் பார்த்தால் சுற்றும், சரியாக இருப்பதாகத்தான் தோன்றும். பிறகு வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது சூடாகிச் சக்கரம் பிடித்துக்கொள்ளும். எனவே பார்ப்பதற்கு எப்படி இருந்தாலும் நாலு பேரிங், இரண்டு ஆயில் சீல் புதிதாகப் போட்டுவிடுங்கள். அச்சின் முனை தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் காட்டிக் கேளுங்கள். டயர் பெரும்பாலும் 6.00-16 ஆக இருக்கும், ஜீப் டயர்தான், இன்றைக்கும் கிடைக்கிறது. பட்டன் நன்றாக இருக்கிறது என்று பழைய டயரை வைத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

ஒரு நல்ல சேதி, பழைய ஜீப் ஹப்பில் இருக்கிற ஐந்து போல்ட் வட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். உங்கள் பொலிரோவுக்கும் அதே அளவுதான். நடு ஓட்டைக்குள் டிரெய்லரின் ஹப் நுழைகிறதா என்று ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, பொலிரோவின் வீல் டிஸ்க்கையே டிரெய்லருக்கும் மாட்டிவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டெப்னி போதும், டிரெய்லரும் பொலிரோவின் தடத்திலேயே கொஞ்சம் நெருக்கமாக ஓடும்.

ஸ்பிரிங் பட்டை விஷயத்தில் அவசரப்பட்டு எதையும் எடுக்காதீர்கள். வெறும் டிரெய்லர் குதிக்கும், எல்லாரும் உடனே இரண்டு பட்டையைக் கழற்றச் சொல்வார்கள். முழுச் சாமானும் ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகும் குதித்தால் ஒரு பட்டையை எடுக்கலாம், மெயின் பட்டையைத் தொடக்கூடாது. சாக்கிள் பின், புஷ், யூ போல்ட் இவற்றை மட்டும் இப்போதே புதிதாக மாற்றிவிடுங்கள்.

முன் மூக்கில் பெரிய இரும்பு வளையம் இருக்கும், அது ராணுவக் கொக்கியில் மாட்டுவதற்கானது. பொலிரோவுக்குப் பின்னால் கடைகளில் போடுகிற 50 மில்லிமீட்டர் இழுவைக் குண்டு இதற்குப் பொருந்தாது. இரண்டு வழி உண்டு: வளையத்தைக் கழற்றிக் குண்டுக்கான கப்ளர் போடலாம், அல்லது வண்டியில் கொக்கி போடலாம். தார்ச் சாலையில் மட்டும் போவதாக இருந்தால் குண்டு நல்லது, சத்தம் இருக்காது. தோட்டத்துப் பாதை, வரப்பு, ஓடை என்று இறங்கி ஏறுவீர்கள் என்றால் கொக்கிதான், வண்டி ஒரு பக்கமும் டிரெய்லர் இன்னொரு பக்கமும் சாய்ந்தாலும் அது தாங்கும். எதைப் போட்டாலும் வண்டியின் சேசிஸ் வரை போய்ப் பிடிக்கிற சட்டமாக இருக்க வேண்டும், பம்பரில் பற்றவைத்தது வேண்டாம். இரண்டு பாதுகாப்புச் சங்கிலியை டிராபாருக்கு, அதாவது டிரெய்லரின் முன்னால் நீளுகிற இழுவைச் சட்டத்துக்கு, அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி விட்டுப்போனாலும் மூக்கு அந்தச் சங்கிலியில் விழும், தரையில் குத்தாது.

எடைக் கணக்கு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கால் டன் என்றால் கரடுமுரடான பாதையில் 500 பவுண்டு, நம் கணக்கில் 227 கிலோ சாமான். எம் 416 போன்ற டிரெய்லர் காலியாக 265 கிலோ வரை இருக்கும். அந்த 227 கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டம் 20 கிலோ, பிளைவுட் பலகை இரண்டு 35, கூடாரத் துணியும் அதைத் தாங்குகிற வளைந்த பைப் வில்களும் 30, மெத்தை 12, தண்ணீர் 40 லிட்டர் 40, அடுப்பு சிலிண்டர் பாத்திரம் 25, பேட்டரி 12, துணிமணி சில்லறை 30. மொத்தம் 204. பார்த்தீர்களா, சுலபமாக அடங்குகிறது, ஆனால் பட்டறைக்காரர் சொன்ன தகரச் சுவரையும் கூரையையும் இதில் சேர்த்துப் பாருங்கள், தண்ணீரை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். கூடாரத்தில் நீங்கள் படுக்கிற எடை இந்தக் கணக்கில் வராது, அப்போது வண்டி நின்றுகொண்டிருக்கும், கீழே இறக்குகிற முட்டுக் கால்கள் தாங்கும். ஆனால் ஓடுகிற டிரெய்லரில் யாரையும் உட்காரவைக்காதீர்கள், குழந்தை எவ்வளவு கேட்டாலும் சரி.

மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் மூக்கில் இறங்க வேண்டும். 470 கிலோ என்றால் 47 முதல் 70 கிலோ. வீட்டில் ஆள் நிற்கிற எடைமேடை இருந்தால், கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை அதன் மேல் நிறுத்தி மூக்கை வைத்தாலே தெரிந்துவிடும். அது குறைந்தால், அதாவது பின்பக்கம் பாரம் கூடினால், அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். நான்கு வழிச் சாலையில் பஸ் ஒன்று உரசிக்கொண்டு முந்தும்போது அந்த ஆட்டம் வந்தால் சமாளிப்பது கடினம். தண்ணீர் கேனை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள், மூக்குப் பாரம் சரியாக வந்துவிடும். இந்த டிரெய்லருக்கு ஓடும்போது பிடிக்கிற பிரேக் கிடையாது, முன்னால் கைப்பிடி இருந்தால் அது நிறுத்தி வைப்பதற்கு மட்டும். மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

இரும்புச் சட்டத்துக்கு வருவோம். 40-க்கு 40, 2 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப் போதும், அதற்கு மேல் கனம் வேண்டாம். தொட்டியின் மேல் விளிம்பு அளவுக்கு ஒரு செவ்வகம், நடுவில் இரண்டு குறுக்கு. விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையில் ரப்பர் பட்டை வைத்து, விளிம்பை மேலும் கீழுமாகப் பிடிக்கிற கிளாம்ப் ஆறு இடத்தில் போட்டால் தொட்டியில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டியதில்லை. தொட்டிக்குள் எட்டிச் சாமான் எடுப்பதற்காகச் சட்டத்தை விளிம்பிலிருந்து ஓர் அடி உயர்த்திப் பக்கத்தைத் திறந்து வைக்கிறவர்களும் உண்டு. வசதிதான், ஆனால் படுக்கை உயரும், காற்று பிடிக்கும். சின்னக் குழந்தை இருக்கிறதென்பதால் உங்களுக்கு அது வேண்டாம்.

சட்டத்தின் மேல் ஒரு பலகை நிலையாக, அதன் பின்விளிம்பில் கீல் வைத்து இன்னொரு பலகை. ஓட்டும்போது இரண்டாவது பலகை முதல் பலகையின் மேல் மூடியாக இருக்கும், நடுவில் மெத்தையும் துணியும் மடங்கிக் கிடக்கும். தங்குகிற இடத்தில் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டால் 12 அடி நீளம், கிட்டத்தட்ட 4 அடி அகலம் வரும். முன்பாதியில் நீங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் நெருக்கமாகப் படுக்கலாம், பின்பாதி குழந்தைக்கும் ஏறி இறங்கவும். பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் பலகையாகப் பார்த்து வாங்குங்கள். ஐஎஸ் 303 சாதாரண பலகை, ஒரு ஐப்பசி மழையில் ஓரம் உப்பிவிடும். 12 மில்லிமீட்டர் போதும், அடியில் குறுக்குப் பைப் இருக்கும் வரை.

கீலில் ஒரு நுணுக்கம் உண்டு. பலகையோடு பலகை ஒட்டுகிற மாதிரி கீல் வைத்தால் நடுவில் மெத்தைக்கும் துணிக்கும் இடமில்லாமல் மூடி சாத்தாது, இழுத்துச் சாத்தினால் கீல் பிடுங்கிக்கொள்ளும். மெத்தை 3 அங்குலம், மடித்த துணியும் வில்களும் 5 அங்குலம் என்றால் மொத்தம் 8 அங்குல இடைவெளி வேண்டும், எனவே கீலின் அச்சு இரண்டு பலகையிலிருந்தும் 4 அங்குலம் மேலே இருக்கும்படி இரண்டு பக்கமும் காது மாதிரித் தகடு வைத்துத் தூக்க வேண்டும். திறந்து போட்டால் இரண்டு பலகையும் ஒரே மட்டத்தில் வரும். இதைப் பற்றவைப்பதற்கு முன் அட்டையில் வெட்டி ஆணி குத்தித் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது மிக முக்கியம். பின்பக்கமாக மூடியைத் திருப்பும்போது பாரம் முழுக்க அச்சுக்குப் பின்னால் போகிறது. வண்டியிலிருந்து கழற்றி நிறுத்தியிருந்தால் மூக்கு ஆகாயத்துக்குத் தூக்கிக்கொள்ளும், முன்கால் கீழே தாங்குமே தவிர மேலே எழும்பாமல் பிடிக்காது. எனவே சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, பிறகு பின்மூலை இரண்டிலும் கால் இறக்கி இறுக்குவது, பிறகுதான் மூடி. இந்த வரிசை மாறவே கூடாது. மூடியின் வெளிமுனைக்கும் இரண்டு கால் தனியாக வேண்டும். மண் இளகிய இடத்தில் காலுக்கு அடியில் பலகைத் துண்டு வையுங்கள்.

கூடாரத்துக்கு வில். கூண்டு வண்டி கட்டிய ஊர்க்காரர்கள் நாம், சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க மாட்டு வண்டியில் வந்து ஆற்றுக்குள் தங்கிய குடும்பங்கள் எத்தனையோ, வில் வளைத்து மேலே மூடுவது இங்கே யாருக்கும் புதிதில்லை. முக்கால் அங்குல ஜிஐ பைப்பை வளைத்து மூன்று அல்லது நான்கு வில், எல்லாம் கீலுக்குப் பக்கத்தில் ஒரே பிராக்கெட்டில் சுற்றுகிற மாதிரி மாட்ட வேண்டும். நடு வில் உயரம், முன்பின் வில்கள் சாய்வாக விரியும், மூடியைத் திருப்பும்போது துணியே அவற்றை இழுத்துக்கொண்டு எழும்பும். வளைப்பதைப் பந்தல் சாமான் செய்கிற பட்டறைகளில் கொடுங்கள், பைப் நசுங்காமல் வளைப்பார்கள்.

துணியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், லாரிக்குப் போடுகிற பிவிசி படுதாவைத் தைத்துவிடுகிறார்கள். மழைக்கு அது சொட்டு விடாது, உண்மை. ஆனால் மூச்சு விடாது. மூன்று பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சு உள்பக்கம் வியர்த்துக் காலையில் தலையில் சொட்டும், பகலில் நம் ஊர் 40 டிகிரி வெயிலுக்கு உள்ளே கால் வைக்க முடியாது. பருத்தி கித்தான் வாங்குங்கள், அல்லது பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது, சதுர மீட்டருக்கு 350 முதல் 400 கிராம், வெளிர் நிறம். பருத்தி நனைந்தால் நூல் பருத்துக் கண்ணை அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் காற்றை விடும். ஆனால் நனைந்தால் சுருங்கவும் செய்யும், அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒரு தடவை முழுக்க நனைத்துக் காயவைத்துவிடுங்கள். தைத்த பிறகும் வீட்டிலேயே விரித்து வைத்து ஹோஸ் பைப்பால் நனைத்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி நனையுங்கள், ஊசி ஓட்டைகள் அடைபடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாளில் பூஞ்சைக் கரும்புள்ளி வந்துவிடும், எந்த மருந்தாலும் போகாது. மழையில் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் துணியை விரியுங்கள்.

தைக்கிறவரைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளுக்கு மேல்துணி தைக்கிற குஷன் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், மதுரையிலும் ஜீப் ஹூட் தைக்கிற கடைகள் உண்டு. கூடாரம் தைத்ததில்லை என்பார்கள், பரவாயில்லை. நீங்கள் வில்லை எல்லாம் நிறுத்தி, அதன் மேல் மலிவான காடாத் துணியைப் போட்டு, ஊக்குக் குத்தி வெட்டி அளவுத்துணி தயார் செய்து கொண்டுபோனால், அதைப் பிரித்துப் பார்த்து அச்சாகத் தைத்துத் தருவார்கள். கூரையில் தையல் எல்லாம் இரட்டை மடக்குத் தையல், மடிப்பு கீழ்நோக்கி. வில் உரசுகிற இடத்தில் எல்லாம் இன்னொரு பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் எதிர் எதிராக, முடிந்த அளவு பெரிதாக, கொசுவலையோடு. கூரைக்கு மேல் ஒரு கை அகல இடைவெளி விட்டு இன்னொரு துணி கட்ட முடிந்தால் வெயில் பாதி அங்கேயே நின்றுவிடும், மதுரைக்கு இது ஆடம்பரம் இல்லை.

டிரெய்லர் கூடாரத்தின் பெரிய லாபமே தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் படுப்பதுதான். நம் பக்கத்துத் தோட்டங்களில் கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது, கடித்தது வலிக்காததால் தெரியாமலே போவதும் உண்டு. எனவே கூடாரத்துணியின் ஓரம் தரையைத் தொட்டுத் தொங்கக்கூடாது, ஏணியை ராத்திரி உள்ளே எடுத்துவிடுங்கள், செருப்பை உதறிவிட்டுப் போடப் பழக்குங்கள், டார்ச் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது.

சிலிண்டரை மட்டும் தொட்டிக்குள் வைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும், உங்கள் தொட்டியோ தண்ணீர்கூடப் போகாதபடி செய்தது, அதன் மேல்தான் மூன்று பேரும் படுத்திருப்பீர்கள். ஐந்து கிலோ சிலிண்டருக்கு டிராபாரின் மேல் வெளியே ஒரு கூடு செய்து வையுங்கள், நிறுத்தியிருக்கும்போது தொட்டியின் வடிகால் மூடிகளைத் திறந்து விடுங்கள். கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எக்காரணம் கொண்டும் வேண்டாம், கொடைக்கானல் குளிராக இருந்தாலும் கம்பளிதான்.

மின்சாரம் சின்ன வேலை. பழைய ராணுவ விளக்கு 24 வோல்ட்டோ 6 வோல்ட்டோ இருக்கும், முழுக்கக் கழற்றிவிட்டு 12 வோல்ட் எல்இடி பின்விளக்கு, ஏழு பின் சாக்கெட், சிவப்பு ரிஃப்ளெக்டர். உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், 12 வோல்ட் விசிறி இரண்டு, ஒரு விளக்கு. இது போதும்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வேண்டாம், 2018 குரங்கணித் தீக்குப் பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துப் போக வேண்டும், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் தோப்பில் கேட்டு நிறுத்துவதுதான் சிறந்தது, நத்தம், அழகர்கோவில் பக்கம் மாந்தோப்புகள் அருமையான இடம். தென்னந்தோப்பில் மரத்தடியில் நிறுத்தாதீர்கள், காயோ மட்டையோ விழுந்தால் கித்தானும் வில்லும் தாங்காது. வைகை ஆற்றுக்குள் மணல் அழகாக இருக்கும், இறங்க வேண்டாம். வைகை அணையின் முழு மட்டம் 71 அடி, 66 அடியில் முதல் எச்சரிக்கை, 69-ல் மூன்றாவது, அந்த நாட்களில் கரைப் பக்கமே போகக்கூடாது. ஆனி ஆடியில் தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து காற்று விடாமல் வீசும், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். அந்தப் பருவத்தில் வண்டியை மேற்கே பார்க்க நிறுத்தி, அதாவது டிரெய்லரின் மூக்கு காற்றுக்கும் வாசல் கிழக்குக்கும் வருகிற மாதிரி வைத்து, கயிறு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிவிடுங்கள்.

முதல் தடவை தூரம் போகாதீர்கள். முழுச் சாமானோடு அழகர்கோவில் வரை போய்த் திரும்புங்கள், பாதியில் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை இறங்கி ஹப்பில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். வீல் நட்டை மறுபடி இறுக்குங்கள். அதற்கு முன்னால், தொட்டியின் முன்பக்கம் தகட்டில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எழுத்தையும், தொட்டியின் உள் அளவையும், அச்சு முனையின் விட்டத்தையும் எனக்கு எழுதினால் எந்த வகை டிரெய்லர், எந்த பேரிங் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.